புத்தகத்தில் விடை இல்லாத கேள்விகள்: அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வும் ‘உங்கள் பிரதிநிதி’யும்

அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு நேர்காணலுக்குக் காத்திருப்பவர்களின் கையில் ஒரு கேள்விப் பட்டியல் இருக்கும். விடைகளும் அதிலேயே அச்சாகியிருக்கும். அரசியல் சட்டம் எழுதப்பட்ட ஆண்டு 1787. இதை சியாட்டிலில் கேட்டாலும் நியூ ஜெர்சியின் எடிசனில் கேட்டாலும் விடை ஒன்றுதான். ஆனால் பட்டியலில் சில கேள்விகளுக்கு எதிரே மட்டும் ‘விடை மாறுபடும்’ என்று போட்டிருக்கும். உங்கள் மாநிலத்தின் செனட்டர்களில் ஒருவர் யார்? உங்கள் தொகுதியின் பிரதிநிதி யார்? உங்கள் மாநில ஆளுநர் யார்? சபாநாயகர் பெயர் என்ன என்ற கேள்விக்கு விடை நாடு முழுக்க ஒன்றே என்றாலும் அதுவும் நிலையானதில்லை.

மற்றவற்றை மனப்பாடம் செய்துவிடலாம். இந்த நாலைந்து கேள்விகள் மட்டும் நீங்கள் குடியிருக்கும் முகவரியையும் நேர்காணல் நடக்கும் தேதியையும் பொறுத்தவை. வேறு ஊரில் தேர்வெழுதிய உறவினர் அனுப்பிய குறிப்பு உதவாது. யூட்யூப் பயிற்சி வீடியோவில் வரும் பெயரும் உங்களுக்குரியதாக இல்லாமல் போகலாம். இந்தக் கட்டுரையில் வரும் பெயர்களையும் விடையாக எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். ஒரு பதவிக்குரிய பெயர் எப்படி மாறுகிறது என்று காட்டத்தான் அவை இங்கே வருகின்றன.

முதலில் எந்தப் பட்டியல் என்று தெரிந்துகொள்ள வேண்டும். குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்தை 2025 அக்டோபர் 20 அல்லது அதற்குப் பிறகு போட்டவர்களுக்கு 128 கேள்விகள் கொண்ட புதிய தேர்வு. அதிகாரி 20 கேள்விகள் வரை கேட்பார், 12 சரியாக இருக்க வேண்டும். 12 சரியானதும், அல்லது 9 தவறானதும், கேட்பதை நிறுத்திவிடுவார். அந்தத் தேதிக்கு முன்பே விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய 100 கேள்விப் பட்டியல்: பத்தில் ஆறு சரியாக இருந்தால் போதும். எல்லாம் வாய்மொழியாகத்தான், நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி கிடையாது. பெயரை நீங்களே நினைவிலிருந்து சொல்ல வேண்டும். அதிபர் பெயருக்கு அந்தப் பழைய (2008) பட்டியலில் கொடுத்திருந்த விடைகளில் முழுப் பெயரும் இருந்தது, குடும்பப் பெயர் மட்டுமே கொண்ட விடையும் இருந்தது. ஆகவே முழுப் பெயரும் வாயில் வரவில்லையே என்று பதற வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்தக் கேள்விகள் ஏன் தடுமாற்றம் தருகின்றன என்பதைத்தான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன். ஆங்கிலம் தெரியாததால் வரும் தடுமாற்றம் என்று இதை நினைப்பவர்கள் உண்டு. நான் பார்த்தவரை, அரசியல் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் அவர்கள் மனதில் ஏற்கெனவே ஒரு முழு அமைப்பு உட்கார்ந்திருக்கிறது. நண்பர் ஒருவரின் அம்மாவுக்குச் சமையலறை மேசையில் உட்கார்ந்து பயிற்சி கொடுத்தபோது, “உங்க மாநில கவர்னரை யாரும்மா தேர்ந்தெடுக்கிறாங்க?” என்று கேட்டேன். “கவர்னரை எங்கப்பா தேர்ந்தெடுக்கிறது? டெல்லியிலேர்ந்து அனுப்புவாங்க” என்றார். ஐம்பது வருடம் நாளிதழ் படித்தவரின் விடை அது. இந்தியாவைப் பொறுத்தவரை மிகச் சரியான விடையும்கூட.

அமெரிக்க ஆளுநர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். மாநில அரசின் தலைவர் அவர்தான். நம் கணக்கில் அவர் முதலமைச்சருக்குத்தான் சமம். ராஜ்பவனையும் அங்கே இருப்பவரையும் அடியோடு மறந்துவிட்டு, கோட்டையில் இருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியில் தவறவில்லை.

சபாநாயகர் என்ற சொல்லும் இதே போலத்தான். கட்சிச் சண்டைக்கு நடுவே மணியடித்து அமைதிப்படுத்துகிறவர் என்பது நம் மனப்படம். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் பெரும்பான்மைக் கட்சியின் வெளிப்படையான தலைவர். எந்த மசோதா எப்போது வாக்கெடுப்புக்கு வரும் என்பதில் அவர் கை ஓங்கியிருக்கும். அதிபரும் துணை அதிபரும் இல்லாமல் போனால் அடுத்து அதிபராக வேண்டியவரும் அவரே.

‘காங்கிரஸ்’ என்ற சொல்லோ நம் காதில் ஒரு கட்சியின் பெயராகவே விழுகிறது. இங்கே அது நாடாளுமன்றம். செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரண்டு அவைகளும் சேர்ந்ததுதான் காங்கிரஸ்.

ஆனால் தேர்வில் மிகுந்த சேதம் செய்வது வேறொரு குழப்பம். செனட்டர் என்ற பெயரில் இரண்டு விதமானவர்கள் இருக்கிறார்கள். வாஷிங்டனில் உட்காரும் அமெரிக்க செனட்டர் ஒருவர், மாநிலத் தலைநகரில் உட்காரும் மாநில செனட்டர் இன்னொருவர். பிரதிநிதி என்ற பெயரும் பல மாநிலங்களில் இப்படியே இரண்டு இடத்திலும் வழங்குகிறது. நியூ ஜெர்சியின் மாநிலச் சட்டமன்றத்தில் மேலவைக்கு செனட் என்றும் கீழவைக்கு அசெம்ப்ளி என்றும் பெயர். தீபாவளி விழாவுக்கு வந்து குத்துவிளக்கேற்றி, சால்வை போர்த்திக்கொண்டு, நம்மோடு படம் எடுத்துக்கொள்கிறவர் பெரும்பாலும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவோ ஊர் மேயராகவோதான் இருப்பார். முகம் பழகியது என்பதால் தேர்வில் அவர் பெயரே வாயில் வரும். அது தவறான விடை. கேள்வி கேட்பது எம்.எல்.ஏ.வை அல்ல, எம்.பி.யை. ‘செனட்டர்’, ‘பிரதிநிதி’ ஆகிய சொற்களுக்கு முன்னால் அதிகாரி ‘யூ.எஸ்.’ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்துச் சொல்வார். அதைக் காது கொடுத்துக் கேட்கப் பழக வேண்டும்.

செனட்டைப் புரிந்துகொள்ள மாநிலங்களவை நல்ல ஏணி, ஏறியதும் தள்ளிவிட வேண்டிய ஏணி. இரண்டிலும் பதவிக்காலம் ஆறு ஆண்டு. இரண்டிலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கினரின் பதவிக்காலம் முடியும். அதோடு ஒற்றுமை முடிகிறது. மாநிலங்களவைக்குத் தமிழ்நாட்டிலிருந்து 18 பேர், உத்தரப் பிரதேசத்திலிருந்து 31 பேர். செனட்டில் பெரிய மாநிலம், சிறிய மாநிலம் என்ற பேச்சே இல்லை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர். 2020 கணக்கெடுப்பில் கலிஃபோர்னியாவில் 3.95 கோடிப் பேர், வயோமிங்கில் 6 லட்சம்கூட இல்லை. இருவருக்கும் செனட்டில் ஒரே பலம். 1787ல் அரசியல் சட்டத்தை எழுதக் கூடியபோது, மக்கள்தொகைப்படி இடம் வேண்டும் என்று பெரிய மாநிலங்களும், சம இடம் வேண்டும் என்று சிறிய மாநிலங்களும் மல்லுக்கட்டின. ஒரு அவை அப்படி, ஒரு அவை இப்படி என்று முடித்துவைத்த ஏற்பாட்டுக்குக் கனெக்டிகட் சமரசம் என்று பெயர். ‘ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஏன் இரண்டு செனட்டர்கள்?’ என்று புதிய பட்டியல் கேட்கிறது. இந்தச் சண்டை நினைவிருந்தால் விடை தானாக வரும். ஐம்பது மாநிலம், தலா இரண்டு பேர், மொத்தம் 100.

இன்னொரு வேறுபாடு எனக்கு மிகவும் பிடித்தது. மாநிலங்களவை உறுப்பினர்களை எம்.எல்.ஏ.க்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், நாம் நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை. அமெரிக்க செனட்டும் ஒரு காலத்தில் அப்படியே இருந்தது, மாநிலச் சட்டமன்றங்கள்தான் செனட்டர்களை அனுப்பின. பேரம், லஞ்சம், முடிவெடுக்க முடியாமல் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்த இடங்கள் என்று புகார் பெருகி, 1913ல் வந்த 17ஆவது திருத்தம் அந்த உரிமையை மக்கள் கையில் கொடுத்தது. அதே திருத்தம்தான், நடுவில் ஓர் இடம் காலியானால் ஆளுநர் தற்காலிகமாக ஒருவரை நியமிக்கவும் மாநிலங்கள் வழிசெய்யலாம் என்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

பிரதிநிதிகள் சபைக்கு வந்தால் கணக்கு வேறு. மொத்தம் 435 இடம். அலாஸ்காவும் ஹவாயும் சேர்ந்தபோது கொஞ்ச காலம் 437 ஆனதைத் தவிர, 1913லிருந்து எண்ணிக்கை மாறவில்லை. மொத்தம் மாறாதே ஒழிய, பங்கு மாறும். பத்தாண்டுக்கு ஒரு முறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் 435ஐ மாநிலங்களுக்கு மறுபடி பிரிப்பார்கள். 2020 கணக்கெடுப்புக்குப் பிறகு டெக்சாஸுக்கு இரண்டு கூடி 38 ஆனது. கலிஃபோர்னியாவுக்கு ஒன்று குறைந்து 52 ஆனது. நியூயார்க் இன்னும் 89 பேரைக் கூடுதலாகக் கணக்கில் காட்டியிருந்தால் அதன் ஓர் இடம் தப்பியிருக்கும். அலாஸ்கா, டெலவேர், வட டகோடா, தென் டகோடா, வெர்மான்ட், வயோமிங் ஆகிய ஆறு மாநிலங்களுக்கு ஒரே ஒரு பிரதிநிதிதான். மக்களவை இடங்களின் மாநிலப் பங்கு 1971 கணக்கெடுப்போடு நிறுத்திவைக்கப்பட்டிருப்பதையும், தமிழ்நாட்டின் 39 என்னவாகும் என்ற கவலையையும் அறிந்தவர்களுக்கு இந்த மறுபங்கீட்டின் வலியை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்கில் யாரையெல்லாம் எண்ணுகிறார்கள் என்பது முக்கியம். அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தம் ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள ‘மொத்த நபர்களை’ எண்ணச் சொல்கிறது. குடிமக்களை மட்டும் அல்ல. 2020ல் எச்-1பி விசாவில் இருந்தவர், கிரீன் கார்டு வைத்திருந்தவர், அவர்களுடைய குழந்தைகள் எல்லாரும் அந்தத் தொகைக்குள் இருக்கிறார்கள். ஒரு தொகுதிக்குச் சராசரியாக ஏழே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் என்றால் அதில் நீங்களும் ஒருவர். ‘அமெரிக்க செனட்டர் யாருடைய பிரதிநிதி?’ என்ற கேள்விக்குப் பழைய 100 கேள்விப் பட்டியல் ‘மாநிலத்தின் எல்லா மக்களுக்கும்’ என்று விடை தந்தது. 2020ல் கொஞ்ச காலம் இருந்த பட்டியல் அதை ‘மாநிலத்தின் குடிமக்களுக்கு’ என்று மாற்றியபோது கடுமையான எதிர்ப்பு எழுந்தது. எனக்கும் முதல் விடைதான் சரியென்று படுகிறது. தேர்வில் மட்டும் உங்களுக்குரிய பட்டியலில் அச்சாகியிருப்பதை அப்படியே சொல்லுங்கள், அதிகாரியிடம் வாதாடும் இடம் அதுவல்ல.

உங்கள் தொகுதியை எப்படிக் கண்டுபிடிப்பது? பிரதிநிதிகள் சபையின் இணையதளத்தில் ஜிப் கோடு போட்டுத் தேடும் வசதி இருக்கிறது. ஐந்து இலக்கம் சில இடங்களில் போதாது, ஒரே ஜிப் கோடு இரண்டு மூன்று தொகுதிகளுக்கு நடுவே பிரிந்து கிடக்கும். அப்போது தெருப் பெயரோடு முழு முகவரியையும் கொடுக்க வேண்டும். அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர் சொன்ன பெயர் அநேகமாகச் சரியாக இருக்கும், சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சொன்னதற்கு அந்த உறுதி கிடையாது.

இப்போது கூடுதலாக ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. வழக்கமாகப் பத்தாண்டுக்கு ஒரு முறை வரையும் தொகுதி எல்லைகளை 2025ல் சில மாநிலங்கள் நடுவிலேயே மாற்றி வரைந்தன. டெக்சாஸ் சட்டமன்றம் ஆகஸ்டில் ஒரு புது வரைபடத்தை நிறைவேற்றியது. அதற்குப் பதிலடியாகக் கலிஃபோர்னியா கொண்டுவந்த வரைபடத்தை அந்த மாநில மக்கள் நவம்பர் வாக்கெடுப்பில் ஏற்றார்கள். இந்த வரைபடங்கள் 2026 தேர்தலுக்கானவை. அதில் வெல்கிறவர்கள் பதவியேற்பது 2027 ஜனவரி 3ஆம் தேதி. அதுவரை உங்கள் பிரதிநிதி பழைய எல்லைப்படி நீங்கள் இருந்த தொகுதியில் வென்றவர்தான். புது வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் பதவிக்கே வராத ஒருவரின் பெயரைச் சொன்னால் தவறாகிவிடும். தேர்தலில் வென்றவர் பெயர் நவம்பரிலேயே எல்லார் வாயிலும் இருக்கும், ஆனாலும் டிசம்பர் நேர்காணலுக்கு விடை பழையவர். அதிபர் என்றால் ஜனவரி 20 வரை பழையவர்.

‘இப்போது’ என்ற சொல் எவ்வளவு வழுக்கக்கூடியது என்பதற்கு நியூ ஜெர்சியைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2024 ஆகஸ்டில் அங்கே செனட்டர் பாப் மெனண்டெஸ் பதவி விலகினார். ஆளுநர் ஃபில் மர்ஃபி நியமித்த ஜார்ஜ் ஹெல்மி செப்டம்பரில் பதவியேற்றார், மேலே சொன்ன 17ஆவது திருத்தம் தரும் வழி இதுதான். நவம்பர் தேர்தலில் ஆண்டி கிம் வென்று, டிசம்பரிலேயே அந்த இடத்தில் அமர்ந்தார். நான்கு மாதத்துக்குள் ஒரே நாற்காலிக்கு மூன்று பெயர். ஆண்டி கிம் அதுவரை பிரதிநிதிகள் சபையில் இருந்தவர் என்பதால் அவர் தொகுதிக்காரர்களுக்கு இன்னொரு விடையும் மாறியது. அடுத்த வருடமே, பிரதிநிதிகள் சபையில் இருந்த மிக்கி ஷெரில் ஆளுநர் தேர்தலில் வென்று தன் இடத்தைக் காலி செய்தார். ஆக அவர் தொகுதியில் இருந்தவர்களுக்குப் பிரதிநிதி, ஆளுநர் ஆகிய இரண்டு விடைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. பெரும்பாலான மாநிலங்கள் இரட்டைப்படை ஆண்டில் ஆளுநரைத் தேர்ந்தெடுக்க, நியூ ஜெர்சியும் வர்ஜீனியாவும் ஒற்றைப்படை ஆண்டில் தேர்ந்தெடுக்கின்றன என்பதையும் அங்கே இருப்பவர்கள் மறக்கக் கூடாது.

இவ்வளவு களேபரத்திலும் ஒரு நியூ ஜெர்சிக்காரர் கலங்காமல் இருந்திருக்க முடியும். கேள்வி ஒரு செனட்டரின் பெயரைத்தான் கேட்கிறது, மற்றவரான கோரி புக்கர் அந்த மாதங்கள் முழுக்கத் தன் இடத்தில்தான் இருந்தார். எனவே உங்கள் மாநிலத்தின் இருவரில் யாருடைய பதவிக்காலம் இன்னும் மிச்சம் இருக்கிறதோ, யாருடைய பெயர் உங்கள் நாவுக்குச் சுலபமோ, அவரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெயரையும் படிப்பதில் தவறில்லை, ஒன்றைப் பழகிவைப்பது பாதுகாப்பு.

சபாநாயகர் விடையும் ஒரு முறை காற்றில் தொங்கியது. 2023 அக்டோபர் 3ஆம் தேதி கெவின் மெக்கார்த்தியைச் சபையே நீக்கியது. 25ஆம் தேதி மைக் ஜான்சன் தேர்வாகும்வரை சபாநாயகர் என்று யாரும் இல்லை. இத்தகைய மாற்றங்களுக்காகவே குடியுரிமைத் துறை தன் இணையதளத்தில் ‘தேர்வு மாற்றங்கள்’ என்று தனிப் பக்கம் வைத்திருக்கிறது. அச்சிட்ட புத்தகத்தை நம்பாமல் அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

வாஷிங்டன் டி.சி.யில் குடியிருப்பவர்களுக்கு விடை விசித்திரமாக இருக்கும். செனட்டர் யார் என்றால் ‘டி.சி.க்கு செனட்டர்கள் இல்லை’ என்பதே சரியான விடை. ஆளுநரும் கிடையாது, மாநிலத் தலைநகரும் கிடையாது. சபையில் ஒரு பிரதிநிதி இருக்கிறார், ஆனால் மசோதா நிறைவேறும் இறுதி வாக்கெடுப்பில் அவருக்கு ஓட்டில்லை.

இந்தப் பெயர்களை எல்லாம் தேர்வுக்காக மட்டும் படிப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் ஓட்டுரிமை வருவதற்கு முன்பே உங்களுக்கு உதவக்கூடியவர் அந்தப் பெயருக்குரியவர். கிரீன் கார்டு விண்ணப்பம் வருடக்கணக்கில் நகரவில்லை, ஊரில் அப்பா சாகக் கிடக்கும்போது பயண அனுமதிக் கடிதம் வரவில்லை, நேர்காணல் முடிந்தும் முடிவு தெரியவில்லை என்று நம்மவர்கள் தவித்திருக்கிறார்கள். மத்திய அரசுத் துறைகளிடம் உங்கள் சார்பில் விசாரிக்க ஒவ்வொரு பிரதிநிதியின், செனட்டரின் அலுவலகத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் கோப்பைப் பற்றிக் கேட்க ஒப்புதல் தரும் படிவம் ஒன்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். குடிமகனாக இருக்க வேண்டிய அவசியமில்லை, கட்டணமும் இல்லை. முடிவு சாதகமாக வரும் என்று அவர்கள் உறுதி தர முடியாது. ஆனால் துறை பதில் சொல்லியாக வேண்டிய இடத்திலிருந்து கேள்வி போகும். இதையே நினைவுக் குறிப்பாகவும் வைத்துக்கொள்ளலாம்: கிரீன் கார்டு, பாஸ்போர்ட், சோஷியல் செக்யூரிட்டி என்றால் தேர்வில் கேட்கும் அந்த ‘யூ.எஸ்.’ பிரதிநிதி. ஓட்டுநர் உரிமம், மாநில வரி என்றால் தீபாவளி விழாவுக்கு வந்தவர்.

ஓட்டுநர் உரிமம் என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. உரிமம் எடுக்கும் அலுவலகத்தில் வாக்காளராகப் பதிவு செய்யட்டுமா என்று கேட்பார்கள். குடியுரிமை கிடைக்கும்வரை வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள், கையெழுத்திடும் முன் படிவத்தை வாசியுங்கள். கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடுவது குடிமக்களுக்கு மட்டுமே உள்ள உரிமை என்பது பட்டியலிலேயே இருக்கும் விடை. என்-400 படிவமும் இதற்கு முன் வாக்காளராகப் பதிவு செய்தீர்களா, ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்கிறது. தெரியாமல் போட்ட ஒரு டிக் குறி குடியுரிமையையே சிக்கலாக்கிவிடும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்குரிய சலுகைகளைப் பாருங்கள். 50 வயதோடு 20 ஆண்டு நிரந்தர வசிப்பு, அல்லது 55 வயதோடு 15 ஆண்டு என்றால் ஆங்கிலத் தேர்வு கிடையாது, குடிமையியல் கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளர் மூலம் தமிழிலேயே பதில் சொல்லலாம். 65 வயதோடு 20 ஆண்டு என்றால் நட்சத்திரக் குறியிட்ட 20 கேள்விகளை மட்டும் படித்தால் போதும், அதிலிருந்து பத்து கேட்டு ஆறு எதிர்பார்ப்பார்கள். பழைய பட்டியலில் அந்த இருபதில் செனட்டர் கேள்வியும் ஒன்று. தமிழில் தேர்வு என்னும்போதுதான் ஆளுநர், சபாநாயகர் குழப்பங்கள் இன்னும் கூர்மையாகும், மொழிபெயர்ப்பாளர் சொல்லப்போவது அதே தமிழ்ச் சொற்களைத்தானே. பயிற்சியின்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். பெயரை மட்டும் ஒப்பிக்க வைக்காமல், அவருடைய படத்தைக் காட்டி, எந்த ஊர்க்காரர், எந்த அவை, எத்தனை வருடப் பதவி என்று பேசுங்கள். பெயர் முகத்தோடு ஒட்டிக்கொண்டால் பதற்றத்திலும் கழன்று போகாது.

சியாட்டிலில் இருப்பவர்களுக்கு இது கொஞ்சம் சுலபம். அந்த ஊரின் பெரும்பகுதி அடங்கிய ஏழாவது தொகுதியில் 2016ல் வென்று, 2017 ஜனவரியில் பதவியேற்றவர் பிரமிளா ஜெயபால். சென்னையில் பிறந்தவர். 2000ஆம் ஆண்டுதான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட ஏழு ஆண்டு குடிமகனாக இருந்தால் போதும், செனட்டுக்கு ஒன்பது ஆண்டு. குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தவர்களில் ஒருவராக இருந்தவரின் பெயர், பதினேழு ஆண்டுக்குள் மற்ற விண்ணப்பதாரர்கள் சொல்ல வேண்டிய விடையாகிவிட்டது.

முதல் முறை தவறினால் மனம் உடைய வேண்டாம். 60லிருந்து 90 நாளுக்குள் இரண்டாவது வாய்ப்பு தருவார்கள், எந்தப் பகுதியில் தவறினீர்களோ அதை மட்டும் மறுபடி கேட்பார்கள். அந்த இடைவெளியில் ஒரு தேர்தலோ ராஜினாமாவோ பதவியேற்போ வந்திருக்கலாம். ஆகவே இரண்டாம் முறை போகும்போது பழைய குறிப்பைத் தூக்கிக்கொண்டு போகாமல், முதல் நாள் இரவு முகவரியைப் போட்டு மறுபடி ஒரு முறை தேடிவிட்டுப் போங்கள்.